மாமாவுக்கு முட்டி வலி

மாமாவின் முட்டி வலி உங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நம்ம சப்டிவிஷனை ஒரே ஒரு சுற்று சுற்றி வரலாம் என்றால்கூட, "முட்டி ஒத்துழைக்கணுமே மாப்ளே" என்று சோபாவில் காலை நீட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் போன சனிக்கிழமை மிச்சிகனில் ரோஸ்காமன் ஊர்ப் பக்கத்துக் காட்டில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை பனியில், மதியம் வரை நடந்தார். பின்னால் பிளாஸ்க், புளிசாதம், மங்கி கேப், ஈரமானால் மாற்ற இன்னொரு மங்கி கேப் சகிதமாக நான். "அப்பாவைத் தனியா அனுப்பாதீங்க" என்பது வீட்டம்மாவின் உத்தரவு.

எல்லாத்துக்கும் காரணம் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அவருடைய செட்டர் நாயும். தாத்தாவுக்கு க்ரௌஸ் என்கிற காட்டுக்கோழி மாதிரிப் பறவையை வேட்டையாடுவது என்றால் சோறு தண்ணி வேண்டாம். மிச்சிகனில் செப்டம்பர் 15-க்கு சீசன் திறப்பார்கள். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிக்காரர்கள் மான் பின்னால் போவதால் பறவைக்கு லீவு. டிசம்பர் 1-ல் மறுபடி திறந்து ஜனவரி 1-ஓடு மூடிவிடுவார்கள். இலையுதிர்கால அழகு பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முதல் பாதியோடு ஒதுங்கிவிட, இந்த இரண்டாம் பாதிக்கு வருவது பொண்டாட்டி பேச்சைக் கேட்காதவர்கள் மட்டுமே. "துரை தனியாவா போறாரு?" என்று மாமா கேட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

துப்பாக்கியோடு போகிறவர் ஆரஞ்சு உடுத்தியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். கூட வரும் வெறுங்கை ஆசாமிகளுக்கும் தாத்தா ஆளுக்கொரு சட்டையும் தொப்பியும் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு மாமா பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியவர் மாதிரி நின்ற படம் ஃபேமிலி குரூப்பில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

முதல் பஞ்சாயத்து மணியில் ஆரம்பித்தது. தாத்தா நாயின் கழுத்தில் மணியைக் கட்ட, மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "வேட்டை நாய்க்கு எவனாவது மணி கட்டுவானா? அது வர்றதுக்கு முன்னாடி தகவல் போயிராது?" பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது, இங்கே நாய்க்கு ஆள் தயாராக இருக்கிறது மாமா என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அவருக்கு நாய் என்றால் சிப்பிப்பாறைதான். கண்ணால் முயலைப் பார்க்கும், துரத்தும், பிடிக்கும், முடிந்தது கதை. செட்டர் ஜாதி அப்படி இல்லை. மூக்கால் மோந்துகொண்டே போய், பறவை ஒளிந்திருக்கும் இடம் பிடிபட்டதும் அப்படியே உறைந்து நிற்கும். அடர்ந்த ஆஸ்பென் மரக்கன்றுகளுக்குள் நாய் எங்கே இருக்கிறது என்று மணிதான் சொல்லும். மணி ஓய்ந்தால் பறவை அகப்பட்டது, துப்பாக்கிக்காரர் கிட்டே போகலாம்.

மணி ஓய்ந்தது. வாலை நிமிர்த்தி ஒரு காலை மடக்கி நிற்கிறது நாய். தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போகிறார். அந்த நேரம் பார்த்து மாமா, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற குரலில், "ஏய்ய், என்ன பயந்துபோய் நிக்குற, புடி!" டமடமவென்று இடி இடித்ததுபோல் பறவை கிளம்ப, தாத்தா இரண்டு தோட்டாவையும் ஆஸ்பென் மரங்களுக்குச் சமர்ப்பித்தார். திரும்பி மாமாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

க்ரௌஸுக்குக் குளிர்காலத்தில் கால் விரல் ஓரமாகச் சீப்புப் பல் போலச் செதில் முளைக்கும், பனியில் புதையாமல் நடக்க. பனி ஆழமாக, பொலபொலவென்று இருந்தால் பறந்து வந்து அதற்குள்ளேயே குதித்துத் தூங்கும். இதை முன்கூட்டியே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். என் கால் பக்கத்தில் பூமி வெடித்தது, நான் மல்லாந்தேன், புளிசாதமும் மல்லாந்தது. அந்தப் பறவையை மட்டும் தாத்தா குறி தப்பாமல் அடித்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 வரை சுடலாமாம். அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

க்ரௌஸ் காடுகள் சிலவற்றில் அரசாங்கப் பலகை முன்னால் படம் எடுத்துக் காட்டினால் பக்கத்துக் கடைகளில் தள்ளுபடி உண்டு என்று தாத்தா வாய்விட்டுவிட, திரும்பும் வழியில் அந்தப் பலகையைத் தேடி வேறு அலைந்தோம்.

காரில் மாமா முன்சீட்டை மறுத்துவிட்டுப் பின்னால் நாயோடு உட்கார்ந்தார். அதுக்கும் வயசாகிவிட்டது, முன்னங்கால் முட்டியில் வாதம், இதுதான் கடைசி சீசனாக இருக்கும் என்று தாத்தா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. வீடு வரும் வரை ஐ-75 நெடுஞ்சாலை முழுக்க அந்த முட்டியை நீவிக்கொண்டே வந்தார். தன் தைலத்தையும் எடுத்தார். நாய் நக்கிவிடும் என்று பிடுங்கி வைத்தேன்.

இப்போது தாத்தா கதவைத் தட்டினால் கேட்பது என்னை இல்லை, மாமாவைத்தான். அவரிடம் ஜனவரி 1-ஓடு சீசன் முடிகிறது என்று நேற்று ராத்திரி மெதுவாகச் சொன்னேன்.

"சரி மாப்ளே, அடுத்த செப்டம்பர் 15-க்குள்ள வர்ற மாதிரி டிக்கெட் என்ன விலைன்னு பாருங்க. அது இருக்கும், நான் சொல்றேன்."

நானே அவருக்குக் குடிப்பழக்கம் பழக்கிவிட்டது போல வீட்டம்மா என்னைப் பார்க்கிறாள்.