ட்ராஃபோர்ட் பார்க்கும் அருவங்காடும்

மான்செஸ்டரில் நாலு வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் குன்னூரில் முதலில் கேட்பது ஓல்ட் ட்ராஃபோர்டைப் பற்றித்தான். 1990இல் சச்சின் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த மைதானம், கேட்கத்தான் செய்வார்கள். எனக்கு நினைவில் வருவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ட்ராஃபோர்ட் பார்க்.

பெயரில்தான் பார்க். உள்ளே போனால் தொழிற்சாலை, கிடங்கு, லாரி, மறுபடியும் கிடங்கு. ஒரு பிரபு குடும்பத்தின் மான்கள் மேய்ந்த நிலம் அது. 1894இல் கடல் கப்பல்கள் மான்செஸ்டர் வரை வருவதற்கான கால்வாய் திறந்தது, 1896இல் ஹூலி என்பவர் அந்த நிலத்தை வாங்கினார், அப்படி உருவானதுதான் உலகின் முதல் திட்டமிட்ட தொழிற்பேட்டை. ஃபோர்டின் டி மாடல் காரை 1911இல் அங்கே அசெம்பிள் செய்ய ஆரம்பித்தார்கள். 1945இல் மட்டும் அங்கே வேலை பார்த்தவர்கள் 75,000 பேர்.

நான் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஃபிட்டர், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடியற்காலை ஆறு மணிக்குத் தூறலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காற்று திரும்பினால் கெலாக்ஸ் ஆலையிலிருந்து சோளம் வறுபடும் வாசனை வரும். பசியைக் கிளப்பிவிடும். இங்கே தேயிலை ஃபேக்டரியைத் தாண்டும்போது ஒரு வாசனை மூக்கில் ஏறுமே, அதுபோல, கண்ணை மூடிக்கொண்டே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

அப்பா குன்னூர் பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபேக்டரியில், அதாவது வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். போய்ச் சேர்ந்த வாரமே போனில் கேட்டார், "ஏண்டா தம்பி, அங்க சங்கு ஊதுவாங்களா?" இல்லைப்பா, கார்டு தேய்த்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மா உலை வைப்பதிலிருந்து நாங்கள் ஸ்கூலுக்குக் கிளம்புவது வரை எல்லாமே சங்கை வைத்துத்தான்.

ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தபோது ஒரு பலகையில் 'மூன்றாவது அவென்யூ' என்று பார்த்தேன். அங்கே ஒரு சின்ன டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். தொழிலாளர்களுக்காக 1900களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கிராமமே கட்டியிருக்கிறார்கள், எழுநூறு வீடுகள், தெருக்களுக்குப் பெயர் கிடையாது, அமெரிக்க ஊர்கள் மாதிரி எண்தான். அவர் பிறந்தது அங்கேதான். பிறகு வேலைகள் குறைந்தன, வீடுகளை இடித்துவிட்டார்கள். புனித அந்தோணியார் தேவாலயம் மட்டும் பதினொன்றாம் தெருவில் நிற்கிறது. வீடு இருந்த இடத்தில் இப்போது கிடங்கு, ஆனாலும் ஸ்ட்ரெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஏறி வந்து அந்தக் கடையில்தான் டீ குடிக்கிறார். பிஜி டிப்ஸ். அதுவும் ட்ராஃபோர்ட் பார்க்கில் பாக்கெட் போடுவதுதான் என்று பெருமையாகச் சொன்னார். நான் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் என்றதும் இன்னொரு கப் அவர் கணக்கில் வந்தது.

அவர் ஏன் அங்கே வருகிறார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா ரிட்டயர் ஆனதும் நாங்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள்தான். கோயம்புத்தூரில் வெயிலாவது கிடைக்கும், வாங்க என்று அக்கா எவ்வளவோ கூப்பிட்டும் அப்பா போகவில்லை, அருவங்காட்டுக்குப் பக்கத்திலேயே ஜெகதளாவில் வாடகைக்கு வீடு பிடித்தார். இன்றைக்கும் சங்கு கேட்ட பிறகுதான் சாப்பிட உட்காருகிறார்.