கனகராயன் ஆறு உப்பாகும் இடம் வரை

கிளிநொச்சியில், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐயா பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன்.

"தண்ணி கேட்டு வந்தனியளோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதில் வரும்வரை சைக்கிளை எடுக்கவில்லை.

"இல்லை ஐயா. தண்ணி எங்கை போகுதெண்டு பாக்க வந்தனாங்கள்."

"அது கடலுக்குப் போகுது. பிறகென்ன" என்றுவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையில் எங்கள் பயணத்தின் நோக்கமே அவ்வளவுதான். நண்பனின் மோட்டார் சைக்கிளில், பங்குனி வெயிலில், கனகராயன் ஆற்றை அணைக்கட்டிலிருந்து கடல் வரை ஒரே நாளில் பார்த்துவிடுவது. எங்கள் வீட்டுக் கிணறு ஆவணி பிறந்தால் சவர்த்துவிடும். தேத்தண்ணீரில் பால் திரையும். அப்போதெல்லாம் அப்பா தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "வன்னியில ஆறு வீணாய்க் கடலுக்குப் போகுது." நாற்பது வருடம் கேட்ட வசனம். அந்த 'வீணாய்' எங்கே நடக்கிறது என்று போய்ப் பார்க்கத் தோன்றியது.

இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்களை ஒன்றாக்கிக் கட்டிய குளம். 1902இல் வேலை தொடங்கி முடிய ஏறத்தாழ இருபது வருடம் பிடித்தது. அதன் பிறகும் அணையைப் பலமுறை உயர்த்தினார்கள். கடைசியாக உயர்த்தியபோது குளத்தில் தேக்கும் நீரின் உயரம் 34 அடியிலிருந்து 36 அடியானது. 2018 டிசம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். இரண்டு வாரத்தில் பெருமழை. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் வெள்ளத்தில் மூழ்கின. வான் கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது விசாரணை வரை போனது. பரந்தனில் தேநீர்க்கடைக்காரரிடம் அந்த வெள்ளம் பற்றிக் கேட்டேன். அடிக்கணக்கு ஒன்றும் அவர் பேசவில்லை. "கதவு திறக்கிற நேரம்தான் குளம்" என்றார்.

ஐயாவின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் யாழ்ப்பாணம் - கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் வந்தது. அணையை உயர்த்தி, மிஞ்சும் நீரைக் குடாநாட்டுக்குக் குழாயில் கொண்டுபோவது என்பது முதல் யோசனை. கமக்காரர்கள் மறுத்தார்கள். குளம் நிறைந்த வருடத்திலேயே காலபோகத்தில் (மாரி மழை விதைப்பு) விதைக்கும் நிலத்தின் ஒரு பகுதிக்குத்தான் சிறுபோகத்தில் (கோடை விதைப்பு) தண்ணீர் கிடைக்கும். அந்தப் பகுதியை யார் யாருக்கு என்று பங்கிடுவதே பெரும்பாடு. இதில் குழாயும் வந்தால்? கடைசியில் திட்டம் திசைமாறி, குடிநீரைக் கடலிலிருந்தே எடுப்பது என்றானது. 2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்.

மரத்தடியில் குந்தியிருந்து கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 90 இலட்சம் கன மீற்றர் அளவில் வருகிறது. நிறைந்த இரணைமடு 14 கோடிக்கு மேல். நூற்றில் ஆறு பங்கு. இதற்குத்தானா இவ்வளவு சண்டை என்று யாழ்ப்பாணத்தான் புத்தி உடனே கேட்டது. நண்பன் வட்டக்கச்சிக்காரன். "நிறைஞ்ச குளத்தில ஆறு பங்கு. நிறையாத வருசம் எத்தினை பங்கு எண்டு போடு பாப்பம்" என்றான். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அணைக்குக் கீழே ஆற்றில் மணலும் இடையிடையே மடுக்களுமாகத்தான் கிடந்தது. மாரியில் மட்டும் ஆறு. முரசுமோட்டை தாண்டி, முல்லைத்தீவு வீதியை விட்டு வடக்கே திரும்பி, கண்டாவளைப் பக்கம் போகப் போக வயலின் நிறம் மாறுகிறது. அறுவடை முடிந்த தாளடிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். தூரத்திலிருந்து பார்க்கச் சுண்ணாம்பு கொட்டியது போலிருந்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்தேன். உவர்.

வரம்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வயலாம் அது. "மாரி வெள்ளம் வந்தால் கழுவுப்பட்டுப் போகும். வெள்ளம் வத்தினால் வெயிலுக்குக் கீழையிருந்து ஏறும். உந்த மூலையில விதைச்சு ஆறேழு வருசம்" என்றார். மண்ணின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடக் கூட ஏறும் அளவு) மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால், மேலே ஏறும் ஒவ்வொன்றுக்கும் நெல் விளைச்சல் சுமார் 12 சதவீதம் விழும் என்று படித்திருக்கிறேன். அம்மாவுக்கு மானி தேவையில்லை. அறுகம்புல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாராம்.

"தடுப்பணை ஒண்டு கட்டித் தந்தால் போதும் தம்பி. பெரிய குளம் வேண்டாம்."

இந்தத் தடுப்பணைக் கதை பழையது. கனகராயன் ஆறு ஆனையிறவுக் களப்பில் விழுகிறது. களப்பு கிழக்கே சுண்டிக்குளத்தில் கடலோடு சேர்கிறது. அந்த வாயை அணை போட்டு மறித்தால், வருடாவருடம் வரும் ஆற்றுவெள்ளம் களப்பின் உப்பைக் கழுவிக் கழுவி மெல்ல நன்னீராக்கிவிடும். பிறகு முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்குத் தண்ணீரை விடலாம். அங்கே கடல் ஏறாமல் தொண்டைமானாற்றிலும், பக்கத்து உப்பாற்றுக் களப்புக்கு அரியாலையிலும் கதவுகள். இதுதான் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் வரைந்த 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு'. (அவர் பெயரில் இருப்பது எண் ஆறு. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) இரணைமடுவில் ஒரு சொட்டும் கேட்காத திட்டம். கமக்காரன் விட்டுவிட்ட வெள்ளத்தை மட்டும் பிடிப்பது.

இரண்டு கதவணைகளையும் கட்டினார்கள். சுண்டிக்குளத்திலும் அணை போட்டார்கள், பெருவெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போனது. முள்ளியான் வாய்க்கால் முழுதாக வெட்டுப்படாமல் நின்றது. தொண்டைமானாற்று மரப்பலகைகள் உக்கி ஒழுகின. பிறகு போர். அதே காலத்தில் தெற்கே மகாவலியில் முப்பது வருடத்துத் திட்டத்தை 1977க்குப் பிறகு ஆறு வருடத்துக்குள் நெருக்கி, வெளிநாட்டுக் கடனும் கொடையுமாகப் பெரிய அணைகள் எழுந்தன. அந்தத் தண்ணீர் வன்னிக்கு வந்து சேரவில்லை. 1988இல் மணலாற்றைச் சுற்றி மகாவலிக் குடியேற்றத் திட்டத்தின் 'எல்' வலயம் மட்டும் வந்தது. காணி போனவர்களிடம் கேட்டால் அந்தத் திட்டத்தின் செலவு வேறு கணக்கில் வரும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: கடனாளி ஆக்கும் வேலைக்கு எப்போதும் ஆள் கிடைக்கிறது. உக்கிய பலகையை மாற்றும் வேலைக்குக் கிடைப்பதில்லை. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு கன மீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். 24,000 கன மீற்றருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அது ஒரு நாள் கணக்கு. இதைச் சொல்லும் நானே நாளைக்கு அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கப்போகிறவன் என்பதும் உண்மைதான்.

தர்மபுரம், கல்லாறு வழியாகச் சுண்டிக்குளம் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. மணல் பாதையில் இரண்டு தடவை சரிந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வற்றத் தொடங்கிய களப்பு. 2015இலிருந்து இது தேசியப் பூங்கா. தூரத்தில் ரோசா நிறக் கோடு ஒன்று அசைந்தது. பூநாரைகள்.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணையிடம் அணைத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"மறிச்சால் உங்களுக்குத் தண்ணி. எங்களுக்கு இறால்?"

காலையில் ஐயா கேட்ட அதே தொனி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், உப்பே இல்லாவிட்டால் தன் வலைக்கு வேலை இல்லை என்றார். ஆறுமுகத்தின் திட்டத்தை நாள் முழுக்க மெச்சிக்கொண்டு வந்தவனுக்கு, இந்தக் கேள்வி அதுவரை தோன்றவேயில்லை.

தாகம். கொண்டுவந்த போத்தல் காலி. அண்ணையின் மனைவி பனைகளுக்கு அப்பால் மணலில் தோண்டியிருந்த குழியைக் காட்டினார். இடுப்பளவு ஆழம்கூட இல்லை. கடல் அங்கிருந்து கூப்பிடுதூரம். குழியில் இருப்பது மழைநீர். உப்புநீர் கனமானது, அதனால் நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரை அமத்தி வைத்திருக்கும்.

நான் வாளியைத் தொப்பென்று போட்டேன்.

"ஐயோ, கலக்காதேங்கோ தம்பி" என்று அவர் வாளியை வாங்கி, அருகில் கிடந்த சிரட்டையை எடுத்தார். "மேலாலை, மெல்ல." சிரட்டை சிரட்டையாக அள்ளிப் போத்தலை நிரப்பித் தந்தார். பத்து நிமிடம் பிடித்தது. இனித்தது.