குமுளியிலிருந்து அம்போசெலிக்கு

ஜனவரி 12, 2025, ஞாயிறு

மொட்டை மாடியில் மிளகைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார், "இந்த வருஷம் ஓணம் லீவுக்குப் போயிடலாம்." எங்கே என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆப்பிரிக்காப் பேச்சு வருவதும் போவதுமாக இருக்கிறது. முதலில் பணம் இல்லை, அப்புறம் பெரியவன் பிறந்தான், அப்புறம் கொரோனா, அப்புறம் சின்னவள். இப்போது அவனுக்கு 7, அவளுக்கு 4.

எனக்கு இந்த ஆசை வலுத்தது 2023 மே மாதத்தில். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மே 27 அன்று கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டது. லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். 144 போட்டு, கடையெல்லாம் அடைத்து, ஒலிபெருக்கியில் வெளியே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அப்போது அவனுக்கு 5 வயது. ஜன்னல் கதவைக்கூட திறக்க விடவில்லை. "அதை ஏம்மா எல்லாரும் துரத்துறாங்க?" என்று கேட்டான். ஜூன் 5 அன்று பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்கிறான். யாரும் துரத்தாத யானையை, அது தன் போக்கில் மேய்வதை, இந்தப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு போவது பற்றித் தமிழில் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. அதனால் தெரிந்துகொள்வதை அப்போதைக்கப்போது எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்க அத்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். வழியில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை கேட்டது சிங்கத்தைப் பற்றி இல்லை, காய்ச்சலைப் பற்றி. "அங்க மலைக்காய்ச்சல் இருக்குமே தாயி, சின்னப்புள்ளைய எப்படிக் கொண்டு போவ?" என்றார். 1895-இல் அணை கட்டி முடிப்பதற்குள் மலேரியாவிலும் காலராவிலும் மடிந்த கூலி ஆட்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர். அந்த மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு அவருக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முதலில் டாக்டரைப் பார்க்கிறேன், அவர் வேண்டாமென்றால் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒரு டிராவல் ஏஜென்ட் அனுப்பிய கென்யாத் திட்டம் வந்தது. ஏழு இரவு. நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா, திரும்ப நைரோபி. மாராவில் மட்டும் இரண்டு இரவு, மற்ற எல்லா இடத்திலும் ஒன்று. காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அம்போசெலியிலிருந்து நைவாஷா ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, நகுருவிலிருந்து மாரா அதே அளவு, அதிலும் பாதி குலுங்குகிற மண் ரோடு. சின்னவள் கொட்டாரக்கரை ரோட்டில் குட்டிக்கானம் இறங்குவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாள். அவளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து மணி நேரம் வண்டியில் வைத்துக் கொண்டுபோனால் அவள் நினைவில் நிற்கப்போவது வேன் சீட்டுதான், யானை இல்லை.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். கென்யா போய்விட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னாலேயே போட்டிருந்தால்தான் அது செல்லும். இது ஏஜென்ட் அனுப்பிய பதினோரு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று பதில். கைக்குழந்தையோடு போகிற ஒருவரிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்களா? ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு அந்த ஊசியே போடமாட்டார்கள். அந்த ஏஜென்ட் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 26, ஞாயிறு

எப்போது போவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஏப்ரல், மே கோடை லீவு நீளமானது, ஆனால் அங்கே மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழைக்காலம், மண் ரோடெல்லாம் சேறு. கிறிஸ்துமஸ் லீவில் எல்லாமே விலை ஏறிக் கிடக்கும். இந்த வருஷம் திருவோணம் செப்டம்பர் 5, கேரளப் பள்ளிகளுக்குப் பத்து நாள் ஒட்டி லீவு கிடைக்கும். கம்பத்தில் படிக்கும் அக்கா பிள்ளைகளுக்கு இது கிடையாது, அவர்களுக்குக் காலாண்டு லீவுதான். ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே காய்ந்த பருவம். புல் குட்டையாக இருக்கும், தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மிருகங்கள் வந்துதான் ஆக வேண்டும்.

ஒரே சங்கடம், அது ஏலக்காய் எடுப்பு நேரம். புத்தடியில் நடக்கும் ஏல விற்பனைக்கு ஆள் போகாமல் முடியாது. கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் வாயால் சொன்னால் செய்வார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கு ஒத்திகை. தேக்கடியில் காலை 7.30 படகு. மற்ற நாட்களில் விருந்தாளி வந்தால்தான் நாங்கள் அந்தப் பக்கம் போவோம். இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர், படகில் லைஃப் ஜாக்கெட், கையில் பிஸ்கட், தண்ணீர். சத்தம் போடாமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம், அவர்களிடம் சொல்லவில்லை.

பெரியவன் ஒன்றரை மணி நேரமும் அசையவில்லை. சின்னவள் 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்த்து அவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள். காட்டெருமைக் கூட்டம் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவளோ தூங்கியிருந்தாள். தூரத்தில், பட்ட மரங்களுக்கு அப்பால், ஒரு யானையும் குட்டியும் கொஞ்ச நேரம் தெரிந்தது. எழுப்பலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இதில் நிறைய தெரிந்துகொண்டேன். சஃபாரி வண்டி காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் போகும். நினைத்த இடத்தில் இறங்க முடியாது, பூங்காவுக்குள் அதற்கென்று விட்ட இடத்தில்தான் இறங்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வது? குழந்தைகள் உட்கார்ந்து போகும் சின்ன 'பாட்டி' (potty) ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது, வேறு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி கூடவே கூடாது. எங்கள் பிள்ளை அழுதால் அவர்கள் சிறுத்தைக்காகக் காத்திருப்பது கெடும், அவர்கள் காத்திருந்தால் எங்கள் பிள்ளை வதங்கும். பல கூடாரத் தங்குமிடங்களில் 5, 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பொது வண்டியில் ஏற்றுவதே இல்லை. தனி வண்டி என்றால் சின்னவள் தூங்கியதும் திரும்பச் சொல்லலாம். செலவு அதிகம்தான், ஆனால் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க மாட்டேன்.

பிப்ரவரி 8, சனி

பிள்ளைகள் டாக்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் பயமுறுத்தவும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை.

மலேரியாவைப் பற்றி அவர் சொன்னது: கென்யாவில் 2,500 மீட்டருக்குக் கீழே எங்கும் அது இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பு மாத்திரை கட்டாயம். பெரியவர்களுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்னால் தொடங்கி, தினமும் போட்டு, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் தொடர வேண்டும். மெஃப்லோகுவின் வாரத்துக்கு ஒன்று, ஆனால் இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்கி, வந்த பிறகும் நாலு வாரம். இரண்டிலும் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அதனால் ஆகஸ்டில் மறுபடி எடை பார்த்துத்தான் எழுதித் தருவார். மாத்திரை போட்டாலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார். அனாஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும், ஆகவே சாயங்காலம் ஆனதும் முழுக்கை, முழுக்கால் சட்டை, கொசு மருந்து, வலைக்குள் தூக்கம். திரும்பி வந்த பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், ரெண்டு மாசம் கழித்து வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்தோம் என்பதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டுமாம். இதை ஒரு அட்டையில் எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்வது. சின்னவளுக்கு எம்.எம்.ஆர். பூஸ்டர் பாக்கி இருக்கிறது, அதுவும் அதே வகை. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி வேண்டும். அவளுடைய ஊசிப் புத்தகத்தை நான் எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஊசி ஆகாது, எங்கள் வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. கொச்சி துறைமுக சுகாதார அலுவலகத்தில் முன்பதிவு செய்து போட வேண்டும். ஒரு தடவை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

அத்தையையும் கூட்டிப் போயிருந்தேன். வரும் வழியில் வண்டிப்பெரியாறு தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம், "அந்த மாத்திரையை ஒரு நாளும் விட்டுறாத" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

மாராவை விட்டுவிட்டோம்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அங்கே வில்டபீஸ்ட் என்கிற காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் ஆற்றைக் கடக்கும், அதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. ஆனால் ஆற்றங்கரையில் வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், கடந்தால் உண்டு, கடக்காவிட்டால் இல்லை. பெரியவர்கள் காத்திருக்கலாம். சின்னவளால் முடியாது. கட்டணமும் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. எங்கள் இரண்டு பேருக்கு நாலு நாள் என்றால் 1,600 டாலர், ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

இதையெல்லாம்விட, நாங்கள் போவது யானைக்காக. அதற்கு அம்போசெலிதான். நைரோபியிலிருந்து நாலு மணி நேரம் போல. 392 சதுர கிலோமீட்டர், எங்கள் பெரியாறு புலிகள் காப்பகத்தைவிடச் சின்னது. ஆனால் காடு அல்ல, வெட்டவெளி. கிளிமஞ்சாரோ மலையில் இறங்கும் நீர் பூமிக்கடியில் ஓடிவந்து அங்கே சதுப்பாக ஊறுகிறது, சுற்றிலும் காய்ந்தாலும் அந்தச் சதுப்பு காய்வதில்லை. யானைக் குடும்பங்கள் தினமும் அங்கே இறங்கி வயிறுவரை தண்ணீரில் நின்று மேயும். மலை இருப்பது தான்சானியாவில், 5,895 மீட்டர், காலையில் மேகம் ஏறுவதற்கு முன்னால் தெரியும். நடுவில் ஒரு சின்னக் குன்று இருக்கிறது, அதில் மட்டும் வண்டியை விட்டு இறங்கி ஏறலாம். பிள்ளைகளுக்குக் கால் நீட்ட அது போதும்.

1972-இலிருந்து சிந்தியா மோஸ் என்ற அம்மாவும் அவருடைய குழுவினரும் அங்கே ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். காதின் ஓரத்தில் இருக்கும் கிழிசலும் ஓட்டையும்தான் அடையாளம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்து, அந்தக் குடும்பத்தில் பிறக்கும் எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர். பெரியவனிடம் இதைச் சொன்னதிலிருந்து அவன் வேறு பேச்சே பேசவில்லை.

நாலு இரவு அம்போசெலி, முன்னால் இரண்டு இரவு நைரோபி. அவ்வளவுதான். நைரோபியில் ஷெல்ட்ரிக் யானைக் காப்பகத்தைக் காலை 11 முதல் 12 வரை பார்க்கலாம், தாயை இழந்த குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம்தான் என்பதே எங்களுக்கு வசதி.

பிப்ரவரி 20, வியாழன்

கடைக்கு வந்த உத்தமபாளையத்து பாய் ஒருவரிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். "சபர் போறீகளா, நல்லது" என்றாராம். வெளிநாட்டுப் பயணத்தை அவர்கள் வீட்டில் சபர் என்றுதான் சொல்வார்கள். சஃபாரி என்பதும் அதே அரபுச் சொல்லிலிருந்து சுவாஹிலிக்குப் போனது, பயணம் என்றுதான் பொருள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

முறுக்கும் அதிரசமும் கவரில் கட்டி எடுத்துப் போக முடியாது. கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2020 ஜூனிலிருந்து பூங்காக்களுக்குள் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பாட்டிலும் கூடாது. எல்லாம் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும்தான். கருநீலத் துணி, அங்கே கடிக்கிற செட்சி ஈயை இழுக்குமாம். ஆகவே காக்கி, பழுப்பு. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, ரயில் பாதை போட நம் நாட்டு ஆட்களை அங்கே கொண்டுபோன காலத்திலிருந்து சப்பாத்தி அவர்கள் ஊர் உணவாகவே ஆகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

முன்பணம் கட்டிவிட்டோம். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக நைரோபி. கென்யாவுக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் அனுமதி ஆளுக்கு 30 டாலர், குழந்தைகளுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். வெளியூர் மருத்துவக் காப்பீட்டில் விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

நேர வித்தியாசம் எங்களுக்குச் சாதகம். அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே 7 மணிக்கு எழும் பிள்ளைகள் அங்கே நாலரைக்கே விழித்துவிடுவார்கள், ஆறு மணி வண்டிக்கு எழுப்பிப் போராட வேண்டாம். சாயங்காலம் ஏழுக்குள் சொக்கிவிடுவார்கள். அதனால் சாயங்கால வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

பெரியவன் ஒரு நோட்டில் யானைக் காதுகளாக வரைந்து தள்ளுகிறான். ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல், நம்முடையதற்கு ஒன்று, அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இன்றைக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய யானை வரைந்து கழுத்தில் ரேடியோ காலரும் போட்டு, கீழே அரிக்கொம்பன் என்று எழுதியிருந்தான். காதின் ஓரத்தை மட்டும் வரையாமல் விட்டிருந்தான். ஏன்டா என்றேன். "கிட்டப் போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றான்.