சப்போர்ட் முடிஞ்ச லப்டொப்போட மாரடிச்ச கதை

தங்கச்சிக்கு செக்கன்ட் ஹான்டில ஒரு சின்ன லப்டொப் வாங்கிக் குடுத்தனான், 11.6 இஞ்சி, பாக்க வடிவு, பாரமும் இல்லை. கொம்பனி பேர் வேண்டாம், அந்த மொடல் இப்ப வாறதும் இல்லை. 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடியுது எண்டு ஸ்கிரீன்ல வந்து நிக்க, "அண்ணா, இது இனி வேலை செய்யாதோ?" எண்டாள். வேலை செய்யுமடி, இனி பாதுகாப்பில ஓட்டை விழுந்தா அடைச்சுத் தர ஆளில்லை, அவ்வளவுதான் எண்டன். சரி விண்டோஸ் 11ஐ ஏத்திப் பாப்பம் எண்டு இருந்தன், அங்க பிடிச்சது சனி.

அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேஞ்சு மொடல் நம்பர் பாதிதான் கிடந்தது, பிறகு விண்டோஸ் கீயையும் R எழுத்தையும் சேத்து அமத்தி எம்எஸ்இன்ஃபோ32 எண்டு அடிச்சாப்பிறகுதான் உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சது. இன்டெல் செலரோன் என்3060, 2016ல வந்த சிப், ரெண்டே ரெண்டு கோர், 1.6 கிகாஹேர்ட்ஸ். ராம் 4 ஜிபி, அது 11க்குக் காணும். ஆனா ஸ்டோரேஜ் 32 ஜிபி இஎம்எம்சி, அதாவது போர்டிலயே கிடக்கிற மெமரி சிப், 11 கேக்கிறது 64. 11க்குச் சரிவரும் எண்டு மைக்ரோசொஃப்ட் போட்ட லிஸ்ட்டில சிப்பும் இல்லை. அந்தக் கதை அதோட சரி.

இன்னொரு வழி கிடந்தது, 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட்டை மட்டும் நீட்டித் தருவினம், ஆனா அதுக்கு விண்டோஸ் 10ன்ர கடைசி வெர்ஷன் 22எச்2 இருக்கோணும். இதில நிண்டது எப்பவோ வந்த வெர்ஷன், ஏனெண்டா 32 எண்டு போட்டாலும் காட்டுறது 29தான், அதில விண்டோஸே முக்கால்வாசியைத் திண்டுபோட்டுது, அப்டேட்டுக்கு இடமில்லை. எதை அழிச்சாலும் ரெண்டு நாளில திரும்ப நிரம்பும்.

கடையில "எஸ்எஸ்டி (பெரிய ஸ்டோரேஜ்) போடலாம் தம்பி, ராமும் ஏத்தலாம்" எண்டு சொன்னதை நம்பி ஒட்டுசுட்டானில இருந்து பஸ் ஏறி மாங்குளத்தில இறங்கி ஏ9 றோட்டால கிளிநொச்சிக்கு ரெண்டு தரம் போனன். ரெண்டாம் தரம்தான் கழட்டிப் பாத்தவர். ஸ்டோரேஜ், ராம் ரெண்டுமே போர்டில ஈயம் வச்சு ஒட்டினது, ஸ்லொட் எண்டு ஒண்டு இல்லவே இல்லை. பஸ் காசு நட்டம்.

கடைசியா விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 22, அதிலயும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ வகை. 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும். ஃபைல் 3 ஜிபிக்குக் கிட்ட, போனில ஹொட்ஸ்பொட் போட்டு ராவில இறக்கினது, ஒருக்கா கரண்ட் போய் பாதியில நிண்டு முதலில இருந்து. முதல்ல தங்கச்சிட படமெல்லாம் பென்டிரைவுக்கு மாத்திப்போட்டுத்தான் கை வச்சனான், இதை மறந்தியளோ முடிஞ்சுது. இன்ஸ்டோல் பண்ணேக்க டிஸ்க் எஸ்டிஏ எண்டு வரும் எண்டு தேடாதேங்கோ, இஎம்எம்சிக்கு எம்எம்சிபிஎல்கே0 எண்டுதான் காட்டும், நான் டிஸ்க்கே பிடிக்கேல்ல எண்டு அரை மணித்தியாலம் குந்தியிருந்தன்.

பிறகு வைஃபை. ரவுட்டருக்குப் பக்கத்தில வச்சாத்தான் பிடிக்குது. அன்டெனா பூட்டுற இடம் ரெண்டு, பூட்டியிருக்கிறது ஒண்டு, வைஃபையை ஓட்டுற டிரைவர் சொஃப்ட்வெயர் பாக்கிறது பூட்டாத பக்கத்தை. செட்டிங்கில அன்டெனா 2 எண்டு ஒரு வரி எழுதி றீஸ்டார்ட் பண்ண, முத்தத்து வேப்பமரத்தடி வரைக்கும் பிடிச்சுது.

தமிழுக்கு கீபோர்ட் லிஸ்ட்டில ஸ்ரீலங்காவுக்குக் கீழ தமிழ்நெட்99 கிடக்கு. தங்கச்சி பழகினது பாமினி, யூனிக்கோட்டுக்கு முந்தின பழைய எழுத்துரு. எழுத்துருவைக் கொப்பி பண்ணிப் போட பழைய நோட்ஸ் எல்லாம் வாசிக்க வந்துட்டுது, ஆனா புதுசா யூனிக்கோட்டில அடிக்கச் சொன்னா முகத்தை நீட்டுறாள். இப்ப 13 ஜிபி மிச்சம் கிடக்கு. பற்றரி ரெண்டு மணித்தியாலம் நிக்குது, அதுக்கு மேல கேக்கேலாது.