ஆறாவது வெற்றி

2024 நவம்பரின் கடைசி வாரத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டு அணிகளைப் பற்றியே பேசினார்கள். தேசியப் பட்டம் யாருக்கு என்று முடிவுசெய்யும் பிளேஆஃப், இதுவரை நான்கு அணிகளோடு நடந்துவந்தது, இந்த 2024 பருவத்தில்தான் பன்னிரண்டாக விரிந்திருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று தொலைக்காட்சியில் காலை முதல் இரவு வரை ஓயாத வாதம். இந்தப் பருவத்தில் முதல் தரப் பிரிவில் இருப்பவை 134 அணிகள். மற்ற 122 அணிகளின் கதி என்ன என்று கேட்க ஆளில்லை. நான் அந்த 122-இல் ஒன்றைச் சேர்ந்தவள். நார்த் கரோலினா ஸ்டேட். ராலேயின் சிவப்புச் சட்டைக்காரர்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரம் பிறந்தபோது எங்கள் கணக்கில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி, மிச்சம் ஓர் ஆட்டம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அணிக்குப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள். அதில் ஆறு ஜெயித்தால் டிசம்பரிலோ புத்தாண்டை ஒட்டியோ நடக்கும் ஏதாவது ஒரு பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வரும். ஐந்தோடு நின்றால் நவம்பரிலேயே சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான். பவுல்களில் இடம் மிஞ்சினால், மாணவர்களின் படிப்புக் கணக்கு நன்றாக இருக்கும் ஐந்து வெற்றி அணிகளைக் கூப்பிடுவதும் உண்டு. பந்தி மிஞ்சினால் கூப்பிடுகிறோம் என்பது போன்ற அந்த அழைப்பை நம்பி யார் காத்திருப்பது?

எங்கள் ஐந்து வெற்றிகளும் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி வந்தவை அல்ல. வெஸ்டர்ன் கரோலினா ஒரு படி கீழே இருக்கும் பிரிவு. அப்படிப்பட்ட வெற்றியில் ஒன்றைத்தான் பவுல் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு லூசியானா டெக், நார்தர்ன் இல்லினாய். அதன் பிறகு கலிஃபோர்னியாவிலிருந்து வந்த புண்ணியத்தில் இரண்டு: பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் 24-23, ராலேயில் ஸ்டான்ஃபோர்டை 59-28. பசிபிக் கரையோரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் இந்த ஆண்டு முதல் எங்கள் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் விளையாடுகின்றன. தொலைக்காட்சிப் பணம் வரைந்த வரைபடத்தில் பூகோளத்துக்கு என்ன வேலை!

தோல்விகளைச் சொன்னால் பக்கம் போதாது. டென்னஸியிடம் 51-10. கிளெம்சன் 59 புள்ளிகள் குவித்தது. வேக் ஃபாரஸ்டுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவாட்டர்பேக் கிரேசன் மெக்கால் தலையில் அடிபட்டு விழுந்தார். கொஞ்ச நாளில் விளையாட்டையே விட்டு விலகிவிட்டார். அதைத் தோல்விப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஒரு பையனின் தலை எந்த ஆட்டத்தைவிடவும் பெரியது. அவருடைய இடத்துக்கு வந்த சி.ஜே. பெய்லி முதலாண்டு மாணவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பையனின் கையில் பருவத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நவம்பர் 21, வியாழன் இரவு, ஜார்ஜியா டெக்கோடு ஆட்டம். நாங்கள் முன்னிலையில் இருக்கிறோம். கடைசி அரை நிமிடத்துக்குள் அவர்கள் பந்தோடு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் ஓடி, 30-29 என்று முடித்துவிட்டார்கள். ஒரு புள்ளி. பெர்க்லியில் கடன் வாங்கிய அதே ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே ஆறாவது வெற்றிக்குக் கடைசி வாய்ப்பு சாப்பல் ஹில்லில். நார்த் கரோலினா பல்கலைக்கழகம், வெளிர்நீலச் சட்டைக்காரர்கள், பரம எதிரிகள். என் மகள் படிப்பதும் அங்கேதான்.

நான் திருப்பூர்க்காரி. ஜவுளித் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க ராலேக்கு வந்தவள். வந்த இடத்திலேயே வேலை, பக்கத்து ஊரான கேரியில் வீடு, குடும்பம் என்று வேர் விட்டாயிற்று. மகள் சிவப்புச் சட்டையில்தான் வளர்ந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது இரண்டு பக்கமும் இடம் கிடைத்தது. அவள் நீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தொலைவுதான், ஆனாலும் வேறு நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி என் கணவரிடம் புலம்பினேன். அவருக்குக் கால்பந்து ஆகாது. "உனக்கு அவள் படிப்பு முக்கியமா, சட்டை நிறம் முக்கியமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மகள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதே முகம் வாடியிருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் மேக் பிரௌன் அடுத்த பருவத்துக்குத் தொடர மாட்டார் என்று அன்றுதான் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவர் தொடர விரும்புவதாகச் சொல்லியிருந்தார். எழுபத்து மூன்று வயது மனிதர். 2005 பருவத்தில் டெக்சாஸுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். சாப்பல் ஹில்லில் அவரைவிட அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் இல்லை. சனிக்கிழமை எங்களோடு ஆடும் ஆட்டம்தான் அந்த மைதானத்தில் அவருக்குக் கடைசி.

"அம்மா, இந்த ஒரு தடவை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். எங்களுக்கு ஆறு ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனால் இது அவருக்கு வழியனுப்பு விழா" என்றாள்.

"உங்களுக்கு ஆறு வந்துவிட்டதால்தான் கண்ணு, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்றேன்.

வியாழக்கிழமை விருந்து முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி இரவு ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும் மோதின. எங்களை ஒரு புள்ளியில் கவிழ்த்த அதே டெக். ஆட்டம் சமனாகி, ஓவர்டைம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீண்டு எட்டில் போய் நின்றது. 44-42, ஜார்ஜியா வெற்றி. நள்ளிரவு தாண்டிவிட்டது. கணவர் சோபாவில் தூங்கிப்போயிருந்தார். நானும் மகளும் மட்டும் விழித்திருந்தோம். அந்த ஒரு ஆட்டத்தில் இருவரும் ஒரே பக்கம். டெக் தோற்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் மகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சனிக்கிழமை. மகள் மாணவர் டிக்கெட்டில் சாப்பல் ஹில்லின் கெனன் மைதானத்துக்குப் போய்விட்டாள், நான் வீட்டில். எங்கள் ஆட்டத்துக்கு முன்னால் கொலம்பஸில் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும். மிச்சிகன் போன பருவத்தின் சாம்பியன். இந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்று தேய்ந்துபோன அணி. எதிரே நாட்டின் இரண்டாம் இட அணி, அதுவும் அதன் சொந்த மைதானத்தில். ஜெயித்தது மிச்சிகன், 13-10. பிளேஆஃப் நிபுணர்கள் உடனே ஒஹாயோ ஸ்டேட் எத்தனையாவது இடத்துக்கு இறங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அந்த மைதானத்தில் நடந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. மிச்சிகனுக்குப் பிளேஆஃப் கிடையாது, கூட்டமைப்புப் பட்டம் கிடையாது. எதிரியின் வீட்டில் போய் ஜெயித்தார்கள். அதுவே அவர்களுக்கு ஒரு பருவம்.

பிறகு எங்களுடையது. நான்காம் கால் பகுதியில் முன்னிலை இங்கும் அங்குமாகக் கை மாறியது. ஒமாரியன் ஹாம்ப்டன் என்ற அவர்களுடைய ஓட்டக்காரர் எங்கள் தடுப்பைப் பிளந்துகொண்டு போவதைப் பார்த்தால் எதிரிக்கும் கைதட்டத் தோன்றும், நான் தட்டவில்லை. கடைசி இரண்டு நிமிடங்கள் வந்தபோது அவர்கள் 30, நாங்கள் 28. பந்து எங்களிடம்.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளிதான் பின்தங்கியிருக்கிறோம், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஒரு ஃபீல்டு கோல் போதும், மூன்று புள்ளி. பெய்லி பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கோலுக்கு இரண்டு யார்டு தூரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அங்கிருந்து உதைத்தால் தவற வழியே இல்லை என்று சொல்லலாம். கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசி மூச்சில் உதைத்து, கும்பிடு போட்டுவிட்டு வெளியே வரலாம். மாறாக டச்டவுன் ஓடினால், கூடவே வரும் உதையோடு சேர்த்து ஏழு புள்ளி, அதாவது ஐந்து புள்ளி முன்னிலை கிடைக்கும். ஆனால் எதிரிக்கு நேரமும் மிஞ்சும். கடைசி அரை நிமிடத்தை எதிரியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒன்பது நாளுக்கு முன்னால்தான் பார்த்திருந்தோம். நான் தொலைக்காட்சியைப் பார்த்து, "ஓடாதே, உட்கார்" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். தூக்கம் கலைந்த கணவர், "யாரை?" என்றார்.

ஹாலிவுட் ஸ்மதர்ஸ் ஓடினார். ஆமாம், அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். 35-30. கடிகாரத்தில் 25 விநாடி. அந்த 25 விநாடியும் நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் கரை சேரவில்லை.

தொடர்ந்து நான்காவது ஆண்டாக நீலத்தை வென்றிருக்கிறோம். 2021-இல் எங்கள் கார்ட்டர்-ஃபின்லி மைதானத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு டச்டவுன் அடித்து 34-30 என்று ஜெயித்தபோது நான் நேரில் இருந்தேன். தொண்டை கட்டிப் பேச்சு வராமல் வீடு திரும்பினேன். இந்த முறை சந்தோஷம் அதைவிடக் குறைவில்லை. ஆறு!

ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு எங்கள் பையன்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே போனார்கள். அவர்களுடைய சின்னத்தின் மேல் ஊன்றுவதற்கு. உடனே தள்ளுமுள்ளு. அன்றைக்கு நாடெங்கும் இதே நோய்தான்: கொலம்பஸில் மிச்சிகன் கொடி ஊன்றப் போய், போலீஸ் மிளகுத் தூள் தெளிக்கும் அளவுக்குக் கைகலப்பு, இரு பக்கத்துக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். ஃபுளோரிடாவின் டல்லஹாஸியிலும் ஒரு கொடி ரகளை. எதிரியின் மண்ணில் ஜெயிப்பதன் இன்பமே அமைதியாக நடந்து வெளியேறுவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எண்பலகை அங்கேயே எரிந்துகொண்டிருக்கும்போது கொடி எதற்கு? அதுவும், ஒரு முதியவர் தன் கடைசி ஆட்டத்தைத் தோற்றுவிட்டு நடந்துபோகிற நேரத்தில்.

மகளுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பலாம் என்று கைபேசியை எடுத்தேன், எதை வாழ்த்துவது? "சாப்பிட்டாயா கண்ணு?" என்று மட்டும் அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குப் பதில் வந்தது: "உங்கள் கொடியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்."

இனி பவுல். வெளியாட்கள் சிரிப்பார்கள்: ஆறு வெற்றி, ஆறு தோல்விக்கு ஒரு பரிசு விளையாட்டா? பவுல் என்பதே குளிர்காலத்தில் ஊருக்குக் கூட்டம் வரவழைக்கப் பிறந்ததுதான். 1902-இல் பசடேனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்தது. அமைப்பாளர்கள் மிரண்டுபோய்க் கால்பந்தையே கைவிட்டு, பல ஆண்டுகள் ரதப் பந்தயம் நடத்தினார்கள். 1916-இல்தான் பந்து திரும்பி வந்தது. ஆரம்பமே இப்படி என்றால் எங்களுக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?

இதற்கு முன் நாங்கள் கடைசியாகப் பவுல் ஜெயித்தது 2017-இல், எல் பாசோவின் சன் பவுல். அதன் பிறகு வந்தவை எல்லாம் சோதனைகள். 2022-இல் சார்லட்டில் மயோனெய்ஸ் நிறுவனம் ஒன்றின் பெயரால் நடக்கும் பவுல். ஜெயிக்கும் பயிற்சியாளரின் தலையில் ஒரு தொட்டி மயோனெய்ஸைக் கவிழ்ப்பார்கள். மேரிலாந்து 16-12 என்று ஜெயித்து அந்த அபிஷேகத்தை வாங்கிக்கொண்டது. 2023-இல் ஆர்லாண்டோவில் பாப்-டார்ட்ஸ் பவுல். அங்கே தின்பண்டமே சின்னம்; ஆட்டம் முடிந்ததும் அது ராட்சத டோஸ்டருக்குள் இறங்கும், ஜெயித்த அணி அதைத் தின்னும். கேன்சஸ் ஸ்டேட் 28-19 என்று ஜெயித்துத் தின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருந்தாலும் எனக்கு இந்த ஆறாவது வெற்றி வேண்டியிருந்தது. பவுலுக்குப் போகும் அணிக்கு டிசம்பரில் சுமார் 15 பயிற்சி நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும். பெய்லியைப் போன்ற முதலாண்டுப் பையனுக்கு அது பெரிய சொத்து. ஐந்தோடு நின்ற அணிகளின் பையன்கள் இப்போதே பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். புதன்கிழமை பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் நாள், ஞாயிறு டிசம்பர் 8 பவுல் அறிவிப்பு, மறுநாளே வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது. யார் யார் சட்டை மாற்றுவார்கள் என்று அப்புறம் தெரியும். பெரிய அணிகளின் நட்சத்திரங்கள் அடிபடுமோ என்று பவுலைத் தவிர்க்கிறார்கள்; அதில் தப்பே இல்லை. தொழில்முறை லீக்குக்குப் போகாத நான்காம் ஆண்டுப் பையன்களுக்கோ இது இன்னும் ஒரு முறை சட்டை போட்டுக்கொள்ளும் நாள்.

எந்த ஊர் வந்தாலும் போவோம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு 2021 மறக்கவில்லை. சான் டியாகோவில் ஹாலிடே பவுல் என்று விடுப்பு எடுத்து, விமானம் ஏறிப் போய், அறையில் சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எதிரணியில் கோவிட் என்று செய்தி வந்தது. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது ரத்து. அவர் மட்டும் சந்தோஷமாகக் கடற்கரையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை ஊர் தெரிந்துவிடும், உடனே டிக்கெட் போட்டுவிடலாமாங்க?" என்று கேட்டேன்.

"ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரிப் பார்த்துப் போடு" என்றார். "கடற்கரை இருக்கிற ஊராக இருந்தால் எனக்கு எப்படிப் போட்டாலும் சரி."