ஈர்க்குச்சிக் கட்டுகளால் இடமதிப்பு கற்பித்தல்

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பலர் நூறு வரை தடையின்றிச் சொல்வார்கள். ஆனால் 27 என்று எழுதிக்காட்டி, அதிலுள்ள 2 எத்தனையைக் குறிக்கிறது என்று கேட்டால் "ரெண்டு" என்பார்கள். பத்தின் இடத்தில் நிற்பதால் அது இருபது; இலக்கம் நிற்கும் இடத்தால் வரும் இந்த மதிப்புதான் இடமதிப்பு. 27உடன் 15ஐக் கூட்டி 312 என்று எழுதுவதும், நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் இதே குழப்பத்திலிருந்து வருபவை. இவற்றைக் கவனக்குறைவு என்று கண்டிப்பதில் பயனில்லை.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கற்பித்த அனுபவத்தில், விளக்குமாற்று ஈர்க்குச்சியைவிட நல்ல துணைக்கருவியை நான் கண்டதில்லை. குச்சிகளைக் கூர்முனை நீக்கி ஒரே நீளத்தில் நறுக்கித் தருவதோடு நம் வேலை முடிந்தது. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும். தாமே கட்டிய கட்டுக்குள் பத்து இருப்பதை அவர்கள் மீண்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டங்கள் வரைந்து, இடப்பக்கம் கட்டுகளையும் வலப்பக்கம் உதிரிகளையும் வைக்கச் சொல்லுங்கள். 27க்கு இரண்டு கட்டு, ஏழு உதிரி. 15க்கு ஒரு கட்டு, ஐந்து உதிரி. உதிரிகளைச் சேர்த்தால் பன்னிரண்டு வரும்; அதில் பத்தைக் கட்டி இடப்பக்கம் நகர்த்தியதும், அங்கே நான்கு கட்டுகளும் இங்கே இரண்டு உதிரிகளுமாக 42 கண்ணெதிரே நிற்கும். 'மனதில் ஒன்று' என்று நாம் சொல்லும் ஒன்று உண்மையில் ஒரு பத்து என்பதைக் குழந்தை தன் கையாலேயே செய்து அறிகிறது. ஒவ்வொரு நகர்த்தலையும் உடனுக்குடன் நோட்டில் எழுத வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் குச்சி விளையாட்டாகவும் கணக்கு வேறொன்றாகவும் பிரிந்துவிடும்.

பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டாக்கினால் அது நூறு. அதற்கு இடப்பக்கம் இன்னொரு கட்டம் சேர்த்து 105ஐ வைக்கச் சொன்னால், நடுக்கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில்தான் 0 எழுதுகிறோம் என்று காட்டிய பிறகு 1005 என்று எழுதும் தவறு தானாகவே குறையும்.

ஒற்றை இலக்கக் கூட்டலுக்குப் புளியங்கொட்டை போதும். 8உடன் 5ஐக் கூட்டும்போது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கப் பழக்கலாம். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் சிறிய விதைகள் வேண்டாம்.

வீட்டில் பெற்றோர் நாணயங்களையே முதலில் எடுக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்துக்குள் பத்து ஒற்றை ரூபாய்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், கட்டுகள் நன்கு பழகிய பின்னரே அதைத் தருவது நல்லது. 42இலிருந்து 15ஐக் கழிக்க உதிரி போதாதபோது, சொல்லாமலேயே ஒரு கட்டை அவிழ்க்கும் குழந்தை நாணயத்துக்குத் தயாராகிவிட்டது.