19,500 ரூபாவுக்கு ஒரு லப்டொப்

மகள் ஏ.எல்.லில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தாள். பைதான் எழுதவேண்டும், எஸ்கியூஎல் எழுதவேண்டும். இரண்டும் கொம்பியூட்டருக்குக் கட்டளை எழுதுகிற மொழிகள். முதல் ஆறு மாதம் அவள் எழுதிய பைதான் எல்லாம் கொப்பியில், பேனையால். பிழை இருந்தால் அதை ரீச்சர்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டை. சிறுபோக நெல் விற்று, உரக்கடைக் கடன் கட்டி, கையில் மிஞ்சியது 35,000 ரூபா. புது லப்டொப் அந்தக் காசுக்குக் கனவிலும் வராது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சியின் மகனிடம் கேட்டேன். "பழசு எடுப்பம் மாமா. ஆனா நான் சொல்லாம காசு குடுத்திடாதேங்கோ" என்றான்.

நான் அவசரக்காரன். அடுத்த நாளே கிளிநொச்சியில் ஒரு கடையில் வெள்ளி நிறத்தில் மெல்லிய லப்டொப் ஒன்றைப் பார்த்தேன். 28,000. கீறல்கூட இல்லை. அவனுக்குப் படம் அனுப்பினேன். வேகம் குறைந்த செலரான் சிப், 4 ஜிபி ராம் (வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம்), 32 ஜிபி சேமிப்பு, எல்லாம் பலகையோடு ஒட்டியது. உடனே போன் வந்தது. "அது பாக்கத்தான் வடிவு மாமா. விண்டோஸ் அப்டேட் ரெண்டு ஏறினா வயிறு நிரம்பிடும். உள்ளுக்கை ஒண்டையும் மாத்தவும் ஏலாது." கடைக்காரரிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வவுனியா போனேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட லப்டொப்புகளைக் கல் அடுக்கினமாதிரி அடுக்கி வைத்து விற்கிற இடம். எல்லாம் கறுப்பு, எல்லாம் பாரம். என் கண்ணுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மருமகன் லெனோவோ திங்க்பாட் எக்ஸ்230 என்ற ரகத்தைத் தேடி எடுத்தான். 2012இல் வந்தது. 12.5 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப். ராம் போட இரண்டு இடம், டிஸ்க்கைக் கழற்ற ஒரேயொரு திருகாணி. இந்த விலைக்கு நாங்கள் வாங்குவது விசைப்பலகை, திரை, பிணைச்சல் மூன்றையும்தான், மற்றதை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

முதலில் எடுத்த பெட்டி நல்லாய்த்தான் வேலை செய்தது. ஆனால் தொடங்கும்போது எஃப்1 அழுத்தி பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முந்திய அடிப்படை அமைப்புக்குள், போகப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்டது. "விண்டோஸ் ஓடுதுதானே, அதை ஏன் பாக்கிறியள்?" என்றார் விற்பவர். மருமகன் பேசாமல் திருப்பி அடுக்கிவிட்டான். பழைய மேசைக் கொம்பியூட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கிற காசுப் பற்றரியை, நாணயம்மாதிரி வட்டமான சின்னப் பற்றரியை, கழற்றிப் போட்டாலே அந்தப் பூட்டுத் திறந்துவிடும். திங்க்பாட்டில் அது தனிச் சிப்பில் பதிந்து கிடக்கும், பற்றரியைக் கழற்றினாலும் போகாது. கிளிநொச்சியில் நான் பார்த்ததில் இப்படி இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது பெட்டியில் பூட்டு இல்லை. தொடங்கும்போது 0271 என்று ஒரு பிழை காட்டியது. நாளும் நேரமும் தப்பு என்று அர்த்தம். அந்தக் காசுப் பற்றரி செத்துப்போனது. 'ஜி' விசையின் மூடியும் இல்லை. மற்ற விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். திரை முழுக்க வெள்ளைப் படம் போட்டுக் கறை தேடினோம். சார்ஜரைக் குத்திவிட்டு வயரை மெல்ல ஆட்டினோம். 22,000 கேட்டவரிடம் 0271ஐயும் 'ஜி'யையும் காட்டிக் காட்டியே 19,500க்குக் கொண்டுவந்தோம். எனக்கு மாடு வாங்கப் போன நினைவுதான் வந்தது. பல்லைப் பார்க்காமல் யார் காசு கொடுப்பார்கள்?

வீட்டில் போட்டபோது விண்டோஸ் 10 எழும்ப ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தேன். அந்த விண்டோஸுக்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாய்க் கிடைக்கிற இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு என்று முடிவானது.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி 8,800. கூடுதலாக 4 ஜிபி ராம் 2,500. கடைப் பெடியன் டிடிஆர்4 ரக ராம் தந்துவிட்டான். இதற்கு டிடிஆர்3 வேண்டும். வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளே போகாது. நான் அழுத்திப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த நாள் போய் மாற்றினேன், நல்லகாலம் ஒன்றும் உடையவில்லை.

அப்புறம் மின்ட்டை நிறுவுவதற்கான பென் டிரைவ் கூத்து. வீட்டில் வேறு கொம்பியூட்டர் இல்லை. இரவு டேட்டாவில் மின்ட்டின் கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பைப் போனில் இறக்கி, எட்ச்ட்ராய்ட் என்ற செயலியால் போனில் பென் டிரைவைக் கொழுவுகிற ஓடிஜி வயர் வழியாக பென் டிரைவில் எழுதலாம் என்று மருமகன் படிப்படியாக அனுப்பியிருந்தான். எழுதி முடித்துச் சரிபார்க்கும்போது பிழை. இரண்டாம் முறையும் பிழை. போனைத் திட்டினேன், வயரைத் திட்டினேன், மருமகனையும் மனதுக்குள் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பிழை பென் டிரைவில். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது தெருக்கடையில் மலிவாக வாங்கியது. வெளியே 64 ஜிபி என்று போட்டிருந்தது. உள்ளே 2 ஜிபி இருந்ததோ என்னவோ. பரந்தனில் 1,900க்கு வேறு வாங்கி வந்தேன், முதல் தடவையிலேயே சரிவந்தது.

மிச்சம் சுகம். எஃப்12, பென் டிரைவைத் தெரிவு, டிஸ்க்கை அழித்து நிறுவு. இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. இப்போது எழும்புவதற்குள் தேத்தண்ணிக்குச் சீனி போடத்தான் நேரம் கிடைக்கிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றினோம். பல சொல் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது, பாடப்புத்தகத்தில் படித்ததாம்.

எங்கள் கமக்காரர் சங்கக் கடிதங்களைத் திறந்தபோது எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தன. வைரஸ் என்று பயந்தேன். அவை பாமினி எழுத்துருவில் ரைப் செய்தவை. பாமினிக் கோப்பை இரண்டு தடவை சொடுக்கி நிறுவியதும் தமிழ் தெரிந்தது. மகள் இனி எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகத் தெரிகிற யுனிகோடில்தான் எழுதவேண்டும் என்கிறாள். சங்கச் செயலாளருக்கு இதை யார் சொல்வது?

பைதான் மின்டிலேயே இருந்தது. எழுதிப் பார்க்கிற ஐடிலை மட்டும் தனியாக இறக்கினோம்.

எல்லாமாக 32,700 ரூபா, பஸ் காசு வேறு. பற்றரி இருபது நிமிடம்தான் நிற்கிறது. கறண்ட் போனால் ஓடிப்போய் மூடவேண்டும். மலிவுப் பற்றரி வாங்கவும் பயம். எக்ஸ்230 கண்ட நிறுவனப் பற்றரியையும் ஏற்காது, சார்ஜ் ஆகாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அசல் பற்றரிக்கு அடுத்த போகம் பார்க்கவேண்டும்.

'ஜி' விசைக்கு மூடி இன்னும் கிடைக்கவில்லை. விசைகளுக்கு நடுவில், திரையில் அம்புக்குறியை நகர்த்த இருக்கிற சிவப்பு மொட்டைச் சின்னவள் இரண்டு தடவை பிடுங்கி ஒளித்துவிட்டாள். ஒருதடவை அரிசிப் பானைக்குள் எடுத்தோம்.